கடல் கடக்கும் படிப்பும் நம் பிள்ளைகளும்

(திருவனந்தபுரம் பழவங்காடியில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரீட்சைக் காலம் வந்தால் இந்தப் பழவங்காடிப் பிள்ளையார் வாசலில் எத்தனை தேங்காய் உடைபடுகிறது என்று நமக்குத் தெரியும். நம் வீட்டுத் தாய்மார்களும் வரிசையில் நின்று உடைக்கிறார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் தேங்காய் உடைத்த பிறகும் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அதைப் பேசத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இரண்டு பிள்ளைகளுக்கு, கல்லூரியில் படிக்கும்போதே ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படித்துவிட்டு வரும் வாய்ப்பு கிடைத்தது. ஒருத்தி போய்த் திரும்பி, இதோ முன்வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருவன் போகவில்லை. போனவளைப் பாராட்டுவதற்கு முன்னால், போகாதவனைப் பற்றிச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. அதில் என் குற்றமும் இருக்கிறது.

தோழர்களே, இந்த ஊரிலிருந்து ஐரோப்பாவுக்குப் படிக்கப் போன தமிழ்ப் பிள்ளைகள் முன்பும் உண்டு. செண்பகராமன் பிள்ளை 1891-இல் இதே திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். சம்பளத்தை நம்பிய குடும்பம். செடி கொடிகளையும் பூச்சிகளையும் ஆராயத் திருவிதாங்கூருக்கு வந்துபோன ஸ்ட்ரிக்லண்ட் என்ற ஆங்கிலேயர், பள்ளிப் பையனாக இருந்த அவரை 1908-இல் ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பொறியியல் படித்த செண்பகராமன், 1914-இல் அங்கேயே இந்திய விடுதலைக்காக ஒரு சர்வதேசக் குழுவைத் தொடங்கினார். பிறகு பெர்லினுக்குப் போனார். 1915-இல் காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசில் வெளிநாட்டு அமைச்சராக அவர் பெயர் இருந்தது. 1934-இல் பெர்லினிலேயே மறைந்தார். அவருடைய அஸ்தி 1966-இல்தான் நம் கடற்படைக் கப்பலில் கொச்சிக்கு வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றை எதற்காகச் சொல்கிறேன்? அவரைக் கூட்டிப்போக ஒரு துரை வந்தார். 1913-இல் அம்பேத்கர் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனபோது பரோடா மன்னர் பணம் கொடுத்தார். துரையும் வராத, மன்னரும் கண்ணில் படாத பிள்ளையை யார் அனுப்புவது?

இனி நம் தம்பியின் கதைக்கு வருகிறேன். அவன் அப்பா சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு நாள் சாயங்காலம் பையன் என் ஆபீஸ் ஜன்னலுக்கு ஒரு கடிதத்தோடு வந்தான். "அண்ணாச்சி, பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேணும்? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றான். அந்த வாரம் ரேஷன் அட்டைப் பிரச்சினையில் ஓடிக்கொண்டிருந்தேன். "அடுத்த வாரம் பார்ப்போம் தம்பி" என்றேன். அடுத்த வாரம் மூன்று வாரமாயிற்று.

பிறகு காகிதங்களை விரித்துப் பார்த்தால், ஊர் ரேஷன் அட்டையில் அப்பா பெயர் ஒரு விதம். இங்கே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு விதம். ஆதாரில் மூன்றாவது விதம். ஒன்றைத் திருத்த இன்னொன்று வேண்டும் என்றார்கள். ஓடினோம். ஆனால் கெடு தாண்டிவிட்டது. இடம் வேறு மாணவருக்குப் போய்விட்டது.

பார்சல் ஆபீசில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாத சங்கதியா இது? மூட்டையில் எழுதிய விலாசமும் சீட்டில் எழுதிய விலாசமும் ஒத்துவராவிட்டால் வண்டி போய்விடும், மூட்டை பிளாட்பாரத்தில் கிடக்கும். தெரிந்திருந்தும் தாமதித்தேன். உங்கள் முன்னால் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளைப் போட்டவன் அவன்தான்.

காகிதம் சரியாக இருந்திருந்தாலும் பணம் என்ற இரண்டாவது கதவு இருந்தது. ஜெர்மனி விசாவுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்டவேண்டும். 2024-இல் அது மாதத்துக்கு 992 யூரோ. ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். உதவித்தொகை கேட்கலாமே என்பீர்கள். தம்பி பட்டியல் சாதிப் பிள்ளை. 1950-ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வந்த குடும்பத்துக்கு, வந்த மாநிலம் தருகிற பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. 1990-இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை 1954 முதல் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அது முதுகலை, ஆராய்ச்சிப் படிப்பை முழுதாக அங்கே படிக்கப் போகிறவர்களுக்குத்தான். ஒரு செமஸ்டருக்கு இல்லை. எல்லை தாண்டி உழைக்க வரலாம். உரிமை மட்டும் எல்லையிலேயே இறங்கிவிட வேண்டுமா?

சரி, நம் தங்கச்சி எப்படிப் போனாள்? வீட்டு வேலை செய்யும் அவள் அம்மா, பிறப்புச் சான்றிலிருந்து கல்லூரி ரசீதுவரை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து. அங்கே படிப்புக் கட்டணம் கேட்கவில்லை. தங்கவும் சாப்பிடவும் ஓர் உதவித்தொகை கிடைத்தது. விமானச் சீட்டுக்கு அம்மாவின் சீட்டுப் பணம் போயிற்று.

அவள் என்னிடம் சொன்னவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். முதல் வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் எல்லோரும் மேஜையைக் கையால் தட்டினார்களாம். ஏதோ சண்டை என்று பயந்துவிட்டாள். அங்கே அதுதான் கைதட்டல். மூன்று வாரம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டு. அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. பிறகுதான் கேள்வி கேட்கத் துணிந்தாள். ஆசிரியரை மறுத்துப் பேசினாலும் அங்கே கோபிப்பதில்லை என்கிறாள்.

அந்த நாட்டில் 2006 முதல் சில மாநிலங்கள் கல்லூரிக் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2014-க்குள் அத்தனை மாநிலங்களும் அந்தப் பொதுக் கட்டணத்தை எடுத்துவிட்டன. பிறகு 2017-இல் ஒரு மாநிலம் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் மறுபடி போட்டது. கவனியுங்கள், அங்கேயும் கை வைப்பது வெளியூர்க்காரன் மேல்தான்!

இன்னொன்று. விடுதியில் பெருக்க வந்த துருக்கிக்கார அம்மா ஒருத்தி இவளோடு பழகினாள். அவள் தகப்பனாரும் கூலிக்கு வந்தவர். 1961-இல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. அவர்களுக்கு 'விருந்தாளித் தொழிலாளி' என்று பெயர் வைத்தது. 1973-இல் ஆள் எடுப்பதை நிறுத்தியது. வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை தரும் சட்டம் 2000-இல்தான் வந்தது, அதுவும் நிபந்தனையோடு. இங்கே நம்மை 'அதிதி தொழிலாளி' என்கிறார்களே, அதே சொல்தான்! "மாமா, 'பாண்டி' என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்த அம்மாவின் கதை புதிதாகவே தெரியவில்லை" என்றாள் பிள்ளை. எந்தப் புத்தகத்திலும் படிக்காத பாடம் அது. இதற்காகத்தான் நம் பிள்ளைகள் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததை வந்து நமக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே தோழர்களே, துரைக்காகக் காத்திருக்க வேண்டாம். துரை செய்ததைச் சங்கம் செய்யும். இனி ஞாயிறுதோறும் காகிதங்களைச் சரிபார்க்கும் மேஜை ஒன்று போடுகிறோம். பிள்ளை எட்டாவது படிக்கும்போதே கொண்டுவாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்னால் பெயரைத் திருத்துவது சுலபம், பின்னால் கஷ்டம். வேலைக்காக மாநிலம் மாறியவர் பிள்ளைக்கு உதவித்தொகை நிற்கக்கூடாது, ஒரு செமஸ்டர் படிப்புக்கும் உதவி வேண்டும் என்று இரண்டு மாநில அரசுகளுக்கும் மத்திய அரசுக்கும் மனு தயாராகிறது. கையெழுத்துப் போடுங்கள். பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று தயங்கும் அம்மாமார்கள், கூட்டம் முடிந்ததும் முன்வரிசை அக்காவிடம் பேசுங்கள்.

தம்பியின் பாஸ்போர்ட் போன மாதம் கைக்கு வந்துவிட்டது. மேற்படிப்புக்கு மறுபடி எழுதிப் போடப் போகிறான். இந்தத் தடவை கெடு தேதி என் ஆபீஸ் சுவரில் எழுதித் தொங்குகிறது.

ஞாயிறு காலை பத்து மணி. பெட்டியோடு வாருங்கள்.