தலையெழுத்தா, ஊசியா?

(கோரிப்பாளையத்தில் பேசியது)

ராஜாஜி ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே குடியிருக்கும் உங்களுக்கு நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. ஹெபடைடிஸ் சி என்னும் ஈரல் நோய் 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்குக் குறையாமல் தீர்ந்துபோகிறது. 2018 முதல் மத்திய சர்க்கார் அதை இலவசமாகவே கொடுக்கிறது. தீர்ந்தவனுக்கே மறுபடி வந்தால் தலையெழுத்து என்கிறோம். தலையெழுத்தாவது, மண்ணாங்கட்டியாவது! மணல்வாரி அம்மை வந்துபோனால் உடம்பில் காப்பு நிற்கும். இதற்கு நிற்காது, தடுப்பூசியும் கிடையாது. போதை ஊசியை மாற்றிமாற்றிக் குத்தினாலும், ஒரே கரண்டியில் கரைத்து ஒரே பஞ்சில் வடித்தாலும் கிருமி திரும்பிவரும்.

“கெடுத்துக்கொண்டவனுக்கு மறுபடி மருந்தா?” என்கிறார்கள் சில யோக்கியர்கள். மலேரியா இரண்டாந்தரம் வந்தால் கொயினா கொடுக்கமாட்டீர்களா? அவனுக்குப் புது ஊசி கொடுங்கள். போதைக்குப் பதிலாக நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்பின் கொடுங்கள். நோய் திரும்பினால் மாத்திரையும் கொடுங்கள். ஒன்று: தீர்ந்தவன் ரத்தத்திலும் பழைய அடையாளம் தெரிந்துகொண்டேயிருக்கும். ஆகையால் கிருமியையே தேடும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.