மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மைக் கல்வி
(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பயிர் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆயினும் இன்று வேறொன்று பேச விரும்புகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் எங்களைத் தேடி வரும் உழவர்கள், பூச்சி, நோய் பற்றிக் கேட்டு முடித்த பின்னர், சற்றுத் தயங்கி இன்னொன்றும் கேட்கிறார்கள். "ஐயா, பையனைப் பதினொன்றாம் வகுப்பில் விவசாயக் குரூப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? நாற்று நடவும் களை எடுக்கவும் பள்ளிக்கூடம் எதற்கு?"

இந்தச் சந்தேகம் நியாயமானது. 1953ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றொரு திட்டம் வந்தது. உழவன் மகன் உழவனாகவே இருக்க வேண்டுமா என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, 1954இல் அது கைவிடப்பட்டது. அதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு, பள்ளியில் ஏர் என்றாலே ஓர் அச்சம் வருகிறது. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கிய போது தொழிற்பிரிவும் உடன் வந்தது. ஆனாலும் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குத்தான் அந்தப் பிரிவு என்ற எண்ணம் ஊரில் நிலைத்துவிட்டது.

நானும் அந்தப் பிரிவில் படித்தவன்தான். சேர்ந்த அன்று என் தந்தையார் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு ஆண்டுகளில் கைத்தெளிப்பானின் படத்தைச் செய்முறை ஏட்டில் மூன்று முறை வரைந்து, பாகங்களை அம்புக்குறியிட்டுக் குறித்தேன். பள்ளியில் ஒரு தெளிப்பானும் இருந்தது. அது பூட்டிய அறைக்குள் இருந்தது. அதன் பிடியை நான் முதன்முதலாக அழுத்தியது வேளாண்மைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான். சில நாட்களில் செய்முறை வகுப்பு என்று சொல்லி, பள்ளித் தோட்டத்துக்கு எங்களைத் தண்ணீர் சுமக்க வைத்தார்கள். அப்பாவின் வயலில் அதைவிட நன்றாகவே சுமந்திருந்தேன். இப்படிப்பட்ட கல்வி என்றால் உங்கள் சந்தேகமே சரி. வீட்டில் கற்பதையே பள்ளி திரும்பக் கற்பித்தால் அது வீண். வீட்டில் கற்க முடியாததைக் கற்பிக்க வேண்டும்.

அது எது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. காவிரிப் பாசனப் பகுதியில் குறுகிய கால நெல்லுக்கு, மண் ஆய்வு செய்யாதபோது, பொதுப் பரிந்துரை ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல்சத்து. நம்மில் பலர் ஒரு மூட்டை டி.ஏ.பி., மூன்று மூட்டை யூரியா என்று கணக்கு வைத்திருக்கிறோம். 50 கிலோ டி.ஏ.பி.யில் மணிச்சத்து 23 கிலோவும், அத்துடன் தழைச்சத்து 9 கிலோவும் உண்டு. அந்த ஒன்பதைக் கழிக்க நாம் மறந்துவிடுகிறோம். கழித்தால் மீதி 51 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. ஆகவே வேண்டிய யூரியா 111 கிலோ. இனி மூட்டைக்கு வருவோம். 2018 முதல் யூரியா மூட்டை 50 கிலோ அல்ல, 45 கிலோ. ஆக இரண்டரை மூட்டை போதும். மூன்று மூட்டை போட்டால் ஏறத்தாழ 11 கிலோ தழைச்சத்து கூடுதல். பயிர் கரும்பச்சையாய்ப் பார்க்க அழகாக இருக்கும். புகையானுக்கும் அந்த அழகு பிடிக்கும்! கதிர் முற்றும் தருவாயில் சாயவும் செய்யும். பதினாறு வயதுப் பிள்ளை இந்தக் கணக்கைப் போட்டுத் தகப்பனாரிடம் அரை மூட்டையை மிச்சம் பிடித்துக் கொடுத்தால், அன்று முதல் வீட்டில் அந்தப் படிப்புக்கு மரியாதை வரும்.

இலை வண்ண அட்டையும் அப்படித்தான். நட்ட 14ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, பத்துக் குத்துகளில், முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையுடன் ஒப்பிட வேண்டும். வெயில் நேரே படாமல் உடம்பால் நிழல் கொடுத்துப் பார்ப்பது முக்கியம். இதற்கு வலு வேண்டாம். பொறுமையும் குறித்துவைக்கும் பழக்கமும் போதும். இரண்டையும் பள்ளியில் பழக்கலாம்.

சொட்டு நீர்ப் பாசனத்தைப் பாருங்கள். மானியத்தில் குழாய் போட்டுவிட்டோம். எல்லாச் செடிக்கும் ஒரே அளவு நீர் போகிறதா என்று எத்தனை பேர் சோதித்தோம்? மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் 6 நிமிடத்தில் 400 மில்லி தர வேண்டும். வரிசையின் தலையிலும் நடுவிலும் கடையிலும் ஒவ்வொரு பாத்திரம் வைத்து, கடிகாரம் பார்த்து அளந்தால் அடைப்பு எங்கே, அழுத்தக் குறைவு எங்கே என்பது தெரிந்துவிடும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டவும், மோட்டார் ஏன் எடுக்கவில்லை என்று ஆபத்தில்லாமல் பார்க்கவும் தெரிந்த இளைஞருக்கு ஊரிலேயே வேலை இருக்கிறது. சொந்த நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும். அதை நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன்.

மேல்நிலை வகுப்புகளுக்கு 2018 முதல் புதிய பாடநூல்கள் வந்தன. நூல் புதிதாவது எளிது. பூட்டிய அறை திறப்பதுதான் கடினம். அங்கேதான் உங்கள் உதவி தேவைப்படுகிறது. பல பள்ளிகளுக்கு நிலம் இல்லை, கிணறு இல்லை. பள்ளிக்கு அருகில் வயல் உள்ளவர்கள் பத்துச் சென்டை ஒரு போகத்துக்குச் சோதனைத் திடலாக விட்டுக் கொடுக்கலாம். பாதியில் உங்கள் வழக்கப்படியும், பாதியில் பிள்ளைகள் போட்ட கணக்குப்படியும் உரமிட்டு, அறுவடையில் தனித்தனியாக எடை போடுங்கள். எது அதிகம் வந்தாலும் அதைச் சொல்லுங்கள். பிள்ளைகள் தோற்றாலும் அது பாடந்தான். ஆனால் ஒரு நிபந்தனை. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மாணவர்களை வயலில் இறக்கிவிடாதீர்கள். அப்படி ஒரு முறை நடந்தால் 1953இன் அச்சம் திரும்பவும் வரும், வருவதும் நியாயமே. பூச்சிமருந்தைத் தொடவும் விடக்கூடாது. தெளிப்பானில் வெறும் தண்ணீர் ஊற்றியே, ஒரு டேங்க் எத்தனை சென்டுக்கு வருகிறது என்று பழகலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் செய்முறை ஏட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். படங்கள் மட்டும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அளவுகளும் தேதிகளும் அடித்தல் திருத்தல்களும் இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

மேற்படிப்புக் கதவு அடைபடுமோ என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். வேளாண்மைப் பட்டப்படிப்பில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கென்று இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. என் தந்தையார் மீண்டும் பேசத் தொடங்கியது அந்த வழியில் எனக்கு இடம் கிடைத்த அன்றுதான். எந்தெந்தப் பாடங்கள் வேண்டும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுத் தேடாமல், பதினொன்றில் சேரும்போதே சேர்க்கைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மகளுக்கும் பாருங்கள்.

வெளியே மேசையில் இலை வண்ண அட்டைகளும், அளவுக் குவளைகளும் வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளை அங்கே அனுப்பி வையுங்கள். பக்கத்து வயலில் இலை பார்க்கக் காட்டித் தருகிறேன்.