நூலகக் கதவு யாருக்காகத் திறக்கிறது?

மாணவரணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, உங்க வகுப்புத் தோழர்களுக்கும் அனுப்புங்க.



கட்டண உயர்வு பத்தி நிறைய பேசுறோம், விடுதிச் சாப்பாடு பத்தியும் பேசுறோம். இன்னைக்குப் பல்கலைக்கழக நூலகத்தைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். "இதுவும் ஒரு பிரச்சினையா?"ன்னு சிலர் கேட்கலாம். ஒரே அறையில அஞ்சு பேர் குடியிருக்கிற வீட்டுல இருந்து வர்ற பிள்ளையைக் கேட்டுப் பாருங்க. வீட்டுல மேசை கிடையாது, புத்தகம் வாங்கக் காசு கிடையாது. அந்தப் பிள்ளைக்கு நூலகம்தான் படிப்பறை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்துக் கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். முதல் விதி: புத்தகங்கள் பயன்பாட்டுக்கே. நான்காவது விதி: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் இதைப் படிக்கிறாங்க. இது பிறந்த மண்ணுல நம்ம பிள்ளைகளுக்கு என்ன கிடைக்குதுன்னு கேட்க நமக்கு உரிமை இருக்கு.

நாம கேட்கிறது நாலே நாலு.

ஒன்று, நேரம். வகுப்பு முடியிற நேரத்துல நூலகமும் பூட்டினா யாருக்கு லாபம்? இரவு வரைக்கும் திறந்திருக்கணும். தேர்வுக் காலத்துல விடுமுறை நாள்லயும் திறக்கணும். இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. மாலையிலேயே மகளிர் விடுதிக் கதவைச் சாத்திட்டு, நூலகத்தை இரவு பத்து மணி வரை திறந்து வச்சா, அது ஆண்களுக்கான நூலகம் ஆகிடும். அதனால விடுதி நேரத்தை மாத்தணும், வழியெல்லாம் விளக்கு போடணும், பாதுகாப்போட வண்டி விடணும். மூணும் சேர்ந்து நடக்கணும்.

இரண்டு, மின் இதழ்கள். "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். மாநில அரசுக் கல்வி நிறுவனங்களும் இதுல அடக்கம். பணம் மக்களோட வரிப்பணம். ஆனா அதுக்குள்ள நுழையிற வழி மாணவருக்குச் சொல்லித் தரப்படலைன்னா, பந்தி போட்டுட்டு இலையை எடுத்து ஒளிச்சு வச்ச கதைதான். ஒவ்வொரு மாணவருக்கும் கணக்கு கொடுங்க. வீட்டுல இருந்தும் படிக்க வழி செய்யுங்க. முதல் வாரத்திலேயே தமிழ்ல பயிற்சி கொடுங்க.

மூன்று, பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள். அச்சுப் புத்தகங்களை அவங்க படிக்கும் வடிவத்துக்கு மாத்த 2012-லயே பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகத்திலேயே முதல்ல ஏற்புறுதி செஞ்ச நாடு இந்தியா. திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும். சட்டம் தயார், மென்பொருளும் தயார். ஒரு ஸ்கேனரும், அதை இயக்க ஒரு ஆளும் போதும். இதுக்கு நிதி இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

நான்கு, நூலகர்கள். புத்தகம் தேடி வர்ற பிள்ளைக்கு வழி காட்ட, படிச்ச நூலகர் வேணும். காலியிடங்களை நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு நிரப்புங்க.

சரி, நீங்க என்ன செய்யணும்? கோஷத்துக்கு முன்னாடி கணக்கு கேளுங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட ஒரு மனு போடுங்க. மூணு கேள்வி போதும்: போன வருஷம் புத்தகத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க, எவ்வளவு செலவு பண்ணீங்க, நூலகத்துல எத்தனை பணியிடம் காலி? 30 நாளுக்குள்ள பதில் தரணும். அந்தப் பதிலைக் கையில வச்சுக்கிட்டு, மாணவர்கள் கையெழுத்தோட துணைவேந்தரைப் பாருங்க. எந்தக் கட்சி மாணவரா இருந்தாலும் கூடச் சேர்த்துக்கோங்க. படிப்பறையில கொடி பார்க்க வேண்டாம்.

நூலக ஊழியர்கள் நமக்கு எதிரி இல்லை. ஆள் பற்றாக்குறையில ரெண்டு பேர் வேலையை ஒருத்தரா பார்க்கிறவங்க அவங்க. அவங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கோரிக்கை.

நாம கேட்கிறது சலுகை இல்லை, உரிமை. கேட்போம், கிடைக்கிற வரைக்கும் கேட்போம்!



உங்க பல்கலைக்கழக நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டுது? கருத்துப் பகுதியில எழுதுங்க.