ஏரிக்கரையில் யாருக்கு விடுமுறை?
(திட்டக்குடியில் பேசியது)



குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நாம் வெளியே கிளம்புவதென்றால் மொட்டை, காதுகுத்து, திருவிழா இவைகளுக்குத்தான். கடன் வாங்கியாவது போகிறோம். பக்கத்திலேயே 1913 முதல் 1923 வரை கட்டிய வெலிங்டன் ஏரி இருக்கிறது. வெள்ளாற்று நீரைத் தொழுதூரில் திருப்பி இவ்வளவையும் தேக்கியது எந்தத் தேவனுமல்ல, மண் சுமந்த கூலிக்காரர்களே என்று பிள்ளைக்குக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நமக்கு வாய்ப்பதில்லை!

அப்படியே போனாலும் நடப்பதென்ன? புருஷன் கையை வீசிக்கொண்டு முன்னால் போகிறான். மனைவிக்கோ விடியுமுன் எழுந்து கிளறிய புளிச்சோற்றுத் தூக்கு ஒரு கையில், இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி ஒன்று. கரை சேர்ந்ததும் அவன் துண்டை விரித்துப் படுப்பான். அவள் இலை போடுவாள். இதற்குப் பெயர் குடும்ப உல்லாசமாம்!

இன்னொன்று. பையன் நீரில் குதித்தால் வீரன் என்கிறோம். பெண் பாதம் நனைத்தால் அடக்கமில்லை என்கிறோம். ஆழத்துக்கு ஆண் பெண் தெரியுமா? ஏரியில் இறக்கச் சொல்லவில்லை, அது ஆபத்து. படியுள்ள கிணற்றில், நன்றாய் நீந்தத் தெரிந்த பெரியவர் கூடவே இறங்க, முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பெண்பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுக்கொடுங்கள். தாயும் கற்கட்டும். ஊர் என்ன சொல்லும் என்பீர்கள். முழுகுகிற பிள்ளையை ஊர்ப்பேச்சா வந்து தூக்கும்?

வருகிற ஞாயிறு சோற்றுத் தூக்கை ஆண்கள் சுமக்கட்டும், கைக்குழந்தையையும்தான். புளிச்சோறு கிளறத் தெரியாதென்றால் அவலும் வெல்லமும் போதும்.