குறிஞ்சி நிலமும் நம் இலக்கியமும்



பொள்ளாச்சியினின்று மேற்கே செல்வோர், மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு இடைவெளி விட்டு நிற்பதைக் காண்பர். அதுவே பாலக்காட்டுக் கணவாய். ஆனைமலையில் தோன்றும் பாரதப்புழை கடலை நோக்கிச் செல்வது இந்நிலத்தின் வழியேதான். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இங்கே ஓர் எல்லைக்கோடு வரையப்பட்டது. காற்றும் ஆறும் அக்கோட்டை அறியமாட்டா. அதற்கு அப்பால் சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழ் இன்றும் வீட்டுமொழியாக வழங்குகிறது.

நம் முன்னோர் கவிதையை அரசர்தம் எல்லைகளால் பகுத்தாரல்லர், திணைகளால் பகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் பறவையும் தொழிலும் கருப்பொருள். மாந்தர்தம் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள் என்பது தொல்காப்பிய நெறி. உயிரை அதன் வாழிடத்தோடு சேர்த்தே அறிய வேண்டும் என்று இன்றைய சூழலியல் கூறுவதை, கவிதைக்கு அவர்கள் அன்றே கூறினர்.

தேசிய இலக்கியத்தை ஒரே மரமாகவும், மொழிகளை அதன் கிளைகளாகவும் கருதுவோர் உளர். இடுக்கி மலையைப் பார்த்தால் வேறோர் உவமை தோன்றுகிறது. அங்கே மலைமடிப்புகளில் சோலைக்காடு; சரிவுகளில் புல்வெளி. ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. ஆயினும் இரண்டும் சேர்ந்தே மழைநீரைத் தேக்கி ஆறுகளுக்கு அளிக்கின்றன. சேர மன்னரைப் பாடும் பதிற்றுப்பத்து, தமிழுக்கும் மலையாளத்திற்கும் அத்தகைய பொது ஊற்று அன்றோ?

இம்மலையின் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்து 2030-இல் பூக்கும் என எதிர்பார்க்கிறோம். பூத்துக் காய்த்தபின் செடி மடிந்துவிடும். மண்ணில் விழுந்த விதையே குலத்தைக் காக்கும். வட்டவடைப் பகுதியில் அதற்கென 2006-இல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எனினும் தைல மரமும் வாட்டில் மரமும் அடர்ந்த இடங்களில் குறிஞ்சிக்கு இடமில்லை.

மும்பையிலும் தில்லியிலும் நம் இல்லங்களில் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர்; படிக்க அறியாதார் பலர். அது கண்டு நாம் மனம் தளர வேண்டுவதில்லை. பூவாத ஆண்டுகள் குறிஞ்சிக்கும் உண்டு. ஆனால் மண் பறிபோனால் விதையும் உதவாது. நாள்தோறும் கால்மணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு தமிழ்ப் பக்கத்தை உரக்கப் படிப்போமாக. நாம் காக்கக்கூடிய நிலம் அதுவே.