ஏந்தியுரு என்பும் செவிப்புலனும்



நம் உடம்பிலுள்ள என்புகளுள் மிகச் சிறியது நடுச்செவியிலுள்ள ஏந்தியுரு. குதிரைச் சேணத்து அங்கவடியை ஒத்த இதன் உயரம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். செவிப்பறையிற் படும் ஒலி ஈற்றில் இதனையே வந்தடைகின்றது. சிறியதொரு பலகணியில் இது முன்னும் பின்னும் அசைந்து உட்செவித் திரவத்தை அதிரச் செய்கின்றது. அப்பலகணியின் ஓரத்திற் புதிய என்பு வளர்ந்து இதனை இறுகப் பிடித்துக்கொள்ளும் நோயே ஒட்டோஸ்கிளரோசிஸ். துருவேறிய தாழ்ப்பாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் இளமை நடுவயதில் இது தலைகாட்டும். சந்தை இரைச்சலிற் பேச்சுக் கேட்கின்றது, வீட்டின் அமைதியிற் கேட்கவில்லை என்று நோயாளர் கூறுவர். வீட்டார் அதனை நடிப்பென்பர். நடிப்பன்று. இரைச்சலிடையே மற்றவர்கள் குரலை உயர்த்துகின்றனர். அவ்விரைச்சலோ இவர் செவியை அவ்வளவாய்த் தாக்குவதில்லை.

1938ஆம் ஆண்டில் லெம்பேட் என்பவர் உட்செவியின் அரைவட்டக் கால்வாயிற் புதிய துவாரமிடும் முறையை வகுத்தார். 1952இல் நியூயோர்க்கில் றோசன் என்ற வைத்தியர், அத்தகைய சிகிச்சைக்கு முன்னோடியாக ஏந்தியுருவைச் சோதிக்கையில் அது தற்செயலாய் அசைந்துவிட, நோயாளர் அங்கேயே ஒலி கேட்கப் பெற்றார்! ஆயினும் அவ்வாறு அசைத்த என்பு பலரில் மீண்டும் இறுகிற்று. 1956இல் மெம்பிஸ் நகரத்து ஜோன் ஷே அதனை அகற்றி, தெப்லோனாலான செயற்கை என்பைப் பொருத்தினார். இந்நாளில் என்பின் அடித்தட்டிற் சிறு துளையிட்டு, அதிலே நுண்ணிய தண்டொன்றைப் பொருத்துவதே பெருவழக்கு.

கைதேர்ந்தோரிடம் பத்தில் ஒன்பது பேர்வரை நன்கு கேட்கப் பெறுகின்றனர். காதிரைச்சலின் கதை வேறு. பலருக்கு அது தணிகின்றது. சிலருக்கு மாறாது நிற்கின்றது. ஒரு சிலருக்கு மிகுவதும் உண்டு. ஆதலால் இரைச்சலை ஒழிப்பதற்கென்றே கத்திக்கு உடன்படுவதை நான் ஆதரியேன். நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு அச்செவி முற்றாகக் கேளாது போய்விடலாம். சில நாள் தலைச்சுற்றும், நாவிற் சுவைமாற்றமும் நேரலாம். அவை பெரும்பாலும் நீங்கிவிடும்.

எனவே, செவித்துணைக் கருவியை முதலில் அணிந்து பார்ப்பது நன்று. அது போதாதெனின், கேள்வி குன்றிய செவியிலேயே முதற் சிகிச்சை செய்வர். மறுசெவியைத் தொடுவது பல மாதங்கள் கழிந்த பின்னரே.