துப்பாக்கிக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

(தாம்பரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



துணைப்படைகளும் போதை வியாபாரமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தாம்பரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு தோழர் கேட்டார். வடக்கேயிருந்து வண்டி வந்து தாம்பரம் ஸ்டேஷன்ல நின்னா, போலீஸ் யாருடைய பையைத் திறந்து பார்க்குதுன்னு கவனிச்சுப் பாருங்க. சம்பந்தம் அங்கேயே ஆரம்பிக்குது.

பர்மாவிலிருந்து தொடங்குகிறேன். அது நமக்கு அந்நிய தேசமல்ல. ரங்கூனுக்குக் கூலியாகக் கப்பலேறியவர்களில் நம் ஜனங்கள் ஏராளம். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். ஷான் மாநிலத்தில் கலகம். படைக்குக் கொடுக்கக் கஜானாவில் காசில்லை. 1963இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உள்ளூர்ச் சண்டியர்களின் படைகளை ‘கா க்வே யே’ என்ற பெயரில் ஊர்க்காவல் படைகளாக அங்கீகரித்தார்கள். கலகக்காரர்களோடு சண்டை போடு, சம்பளம் கேட்காதே, அபினியை அரசாங்க ரோட்டில் கொண்டு போ, யாரும் கேட்க மாட்டார்கள். இதுதான் ஒப்பந்தம்.

அதே அரசு 1964இல் கடைகளையெல்லாம் தேசியமயமாக்கியது. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். தமிழனுடைய கடையைத் தேசியமயமாக்கிய அரசு, அபினியை மட்டும் துணைப்படைகளுக்குக் குத்தகைக்கு விட்டது.

அப்படி வளர்ந்தவர்கள்தான் லோ ஸிங் ஹானும் குன் சாவும். 1973இல் துணைப்படைத் திட்டம் கலைக்கப்பட்டது. அந்த வருஷமே லோ ஸிங் ஹான் தாய்லாந்தில் பிடிபட்டு பர்மாவிடம் ஒப்படைக்கப்பட்டார். மரண தண்டனை. எதற்கு? அபினிக்கு அல்ல, ராஜத்துரோகத்துக்கு. அரசாங்கமே அனுமதித்த வியாபாரத்துக்கு அரசாங்கம் எப்படித் தண்டனை கொடுக்கும்? 1980இல் விடுதலை. 1992இல் ‘ஏசியா வேர்ல்ட்’ என்ற கம்பெனி. ரோடு, துறைமுகம் எல்லாம் காண்ட்ராக்ட். 2013இல் பெரிய தொழிலதிபராகச் செத்துப் போனார். 1996இல் சரணடைந்த குன் சாவும் கடைசிவரை ரங்கூனில்தான் வாழ்ந்தார்.

கொலம்பியாவில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அங்கே நிலப்பிரபுக்களின் கூலிப்படைகள் 1997இல் ஏ.யூ.சி. என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. எங்கள் வருமானத்தில் 70 சதவீதம் போதையிலிருந்து வருகிறது என்று அதன் தலைவர் கார்லோஸ் காஸ்டாஞோ 2000இல் டி.வி.யிலேயே ஒப்புக்கொண்டார். 2008 மே மாதம் அதன் தலைவர்கள் 14 பேரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே விசாரிக்கப்பட்டது போதை வழக்கு. விவசாயிகளைக் கொன்றது அந்தக் கோர்ட்டின் வழக்கல்ல. பர்மாவில் அபினியை விட்டுவிட்டுத் துரோகத்தை எடுத்தார்கள். இங்கே கொலையை விட்டுவிட்டுப் போதையை எடுத்தார்கள். எந்தக் குற்றம் விசாரணைக்கு வருகிறது, எது வராமல் போகிறது என்பதில்தான் அரசின் முகம் தெரியுது.

பீகாரின் ரண்வீர் சேனாவுக்குப் போதைப் பணம் தேவைப்படவில்லை. ஆதிக்கச் சாதி நிலவுடைமையே படியளந்தது. 1997 டிசம்பரில் லக்ஷ்மண்பூர் பாதேவில் 58 பேரைக் கொன்றார்கள். 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் 26 பேரையும் விடுதலை செய்தது. படிக்காசு நிலத்திலிருந்து வந்தாலும் அபினியிலிருந்து வந்தாலும், சம்பளப் பட்டியலில் இல்லாத சிப்பாய் செய்வதற்கு அரசு பொறுப்பேற்பதில்லை. அதற்காகத்தான் அவனை வைத்துக்கொள்கிறார்கள்.

பழைய கதை என்று நினைக்காதீங்க. 2020இல் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஷான் மாநிலத்தில் குட்காய் பக்கம் நடந்த சோதனைகளில் 19 கோடிக்கு மேல் மெத் மாத்திரைகள் பிடிபட்டன. அந்த வட்டாரம் ராணுவத்தோடு சேர்ந்திருந்த கவுங் கா துணைப்படையின் கையில் இருந்தது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு ‘ப்யூ ஸா டீ’ என்ற புதிய குண்டர் படைகள் கிளம்பின. 2022 ஜூலையில், மணிப்பூர் எல்லையான மோரேயிலிருந்து தமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் அந்தப் படை மேல்தான். மோரேத் தமிழர்கள் யார்? பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு, திரும்பிப் போக முயன்று, எல்லையிலேயே தங்கிவிட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்.

2023இல் அபினி உற்பத்தியில் ஆப்கானிஸ்தானை முந்தி மியான்மர் முதலிடத்துக்கு வந்தது. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஒரு மியான்மர் படகில் சுமார் 6,000 கிலோ மெத் பிடிபட்டது. சென்னையில் பிடிபட்ட மெத் வழக்குகளிலும் மணிப்பூர்த் தடத்தைப் போலீசே சொல்லியிருக்கிறது.

நான் பேங்க் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவன். குறிப்பிட்ட தொகைக்கு மேல் ரொக்கம் கட்ட வந்தால் பான் நம்பர் கேட்கணும். கொத்தனார் வேலை பார்க்கிற ஆள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்துக்கு என்னிடம் பதில் சொல்லியாகணும். பர்மாவில் ஏசியா வெல்த், மேஃப்ளவர் என்று இரண்டு வங்கிகள். போதைப் பணத் தொடர்புள்ளவை என்று 2003இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது. லைசென்ஸ் ரத்தானது 2005இல்தான். பெரிய பணத்துக்குக் கவுன்டர் கிடையாது தோழர்களே, மாடி உண்டு.

இப்போ நம்ம தெருவுக்கு வருவோம். நகரத்துக் கரைகளிலிருந்து பிடுங்கிக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட ஜனங்கள். அந்த விலாசத்தைச் சொன்னாலே சந்தேகம். பொட்டலம் தூக்கினவன் உள்ளே போறான். அனுப்பினவன் பெயர் குற்றப்பத்திரிகையில் வராது. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் மெத் 50 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு. அதற்குமேல் 37ஆம் பிரிவு, ஜாமீன் குதிரைக்கொம்பு. 1982 குண்டர் சட்டமோ விசாரணையில்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கும்.

போதை நம்ம பிள்ளைகளைத் தின்னுது. அதை மறைச்சுப் பேசுறவன் நமக்குத் தோழன் இல்லை. ஆனால் ‘போதை ஒழிப்பு’ என்று சேரியைச் சுற்றி வளைப்பது போதையை ஒழிக்காது.

மாணவர்கள் செய்யக்கூடியது உண்டு. உடம்பைச் சோதிக்கும்போது மாஜிஸ்ட்ரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கக் கேட்கிற உரிமை 50ஆம் பிரிவில் இருக்கு. குறைந்த அளவோடு பிடிபட்ட அடிமைநோயாளி தானே சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு இருக்கு. தெருத்தெருவாக இதைச் சொல்லுங்க. ஒவ்வொரு கைதிலும் ‘சரக்கு யாருடையது?’ என்று எழுதிக் கேளுங்க.

கடைசியாக ஒன்று. அரசின் படை மட்டும் இந்தப் பணத்தில் வாழவில்லை. கொலம்பியாவின் ஃபார்க் கெரில்லாக்களும் கோக்கா வியாபாரிகளிடம் வரி வாங்கினார்கள். மக்களிடம் கையேந்த வேண்டாத இயக்கம் மக்களுக்குப் பதில் சொல்லவும் வேண்டாததாகிவிடும். நமக்குக் காசு வேணும்னா இந்த ஸ்டேஷன் வாசலிலேயே உண்டியல் குலுக்குவோம். கணக்கையும் இங்கேயே வாசிப்போம்.